ஆற்றின் தேர்வில் இல்லாத பாடம்

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வில் நீங்கள் எடுக்காத பாடத்தில் தேறுவீர்களா மாட்டீர்களா என்று உங்கள் சான்றிதழைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நம் நாட்டு ஆறுகளும் இப்படி ஒரு பாடத்தை எழுதாமலேயே சான்றிதழ் வாங்குகின்றன. அந்தப் பாடம் பாஸ்பரஸ்.

மலேசியாவில் ஓர் ஆறு சுத்தமானதா மாசடைந்ததா என்பதை நீர்த்தரக் குறியீட்டை வைத்துச் சொல்கிறார்கள். கரைந்த உயிர்வளி, உயிரியல் உயிர்வளித் தேவை, இரசாயன உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், பி.எச். அளவு ஆகியவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. பாஸ்பரஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

அது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம்மிடமிருந்துதான். நம் எலும்பிலும் டி.என்.ஏ.விலும் பாஸ்பரஸ் உண்டு. உணவில் மிஞ்சுவது சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கிராமுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பேர் வாழும் நகரில் தினமும் ஒரு டன்னுக்கு மேல்! வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. ஆனால், பாஸ்பரசில் கொஞ்சம்தான் அவற்றுக்குத் தேவை. மீதி, தெளிந்த நீரோடு ஆற்றுக்குப் போகிறது. தெளிவாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு சிறிய ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. அப்படிப் பெருகும் பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்கிறது. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன.

நம் சட்டம் இதை அறியாததன்று. 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகள் புதிய நிலையங்களுக்குப் பாஸ்பரஸ் வரம்பு வைத்துள்ளன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராம், மற்ற இடங்களில் 10. ஆனால், ஏரி போன்ற தேங்கிய நீரில் விடும்போது மட்டுமே இந்த வரம்பு. ஓடும் ஆற்றில் விட்டால் வரம்பே இல்லை. ஈரி ஏரியைக் காப்பாற்ற அமெரிக்காவும் கனடாவும் 1972இல் பெரிய நிலையங்களுக்கு வைத்த இலக்கோ லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

'ஆறு ஓடுகிறது, அடித்துக்கொண்டு போய்விடும்' என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு இது ஒப்பவில்லை. எங்கே போய்விடும்? அணைக்கட்டுக்கோ, ஏரிக்கோ, கழிமுகத்துக்கோதானே! புத்ராஜெயா ஏரிக்கு வரும் சுவாவ், பீசா ஆறுகளின் நீரை வடிகட்ட 24 சதுப்புப் பிரிவுகளை அமைத்து, நாணல்களை நட்டிருக்கிறார்கள். ஆற்று நீர் ஏரியைக் கெடுக்கும் என்று தெரிந்துதானே அந்த ஏற்பாடு?

வழிகள் இருக்கின்றன. படிகாரம் அல்லது ஃபெரிக் குளோரைடு கலந்தால் பாஸ்பேட் வீழ்படிவாகி அடியில் தங்கும். பாக்டீரியாக்களையே வேலை வாங்கலாம் என்பது எனக்கு இன்னும் பிடித்த வழி. உயிர்வளி இல்லாத தொட்டியில் சிலவகைப் பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டை வெளியே விடுகின்றன; அடுத்து, காற்று ஊதும் தொட்டியில் விட்டதைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தச் சேற்றை அகற்றினால் பாஸ்பரசும் போய்விடும். அதை உரமாகவும் மீட்கலாம். செலவு உண்டு, மறுக்கவில்லை. இரசாயன முறையில் சேறும் கூடும். அதனால் எல்லா நிலையங்களிலும் நாளைக்கே செய்யச் சொல்லவில்லை. பெரிய நிலையங்களில் தொடங்கலாம். அதற்கும் முன்பாக, நீர்த்தரக் குறியீட்டில் பாஸ்பரசைச் சேர்க்க வேண்டும்.

அளப்பது உங்களாலும் முடியும். மீன்தொட்டிப் பொருள் விற்கும் கடைகளில் பாஸ்பேட் சோதனைப் பெட்டி கிடைக்கும். நீர் எவ்வளவு நீலமாகிறதோ அவ்வளவு பாஸ்பேட். அறிவியல் கழகத்தில் ஆசிரியரோடு சேர்ந்து போங்கள், தனியாக ஆற்றோரம் இறங்காதீர்கள். கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல் எடுங்கள். இரண்டு நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, தேதியோடு எழுதி வையுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த நீர் நீர்த்துப்போய் ஏமாற்றும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தபின் எடுங்கள்.