நடமாடும் வீட்டின் சுவிச்சு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பர் நம்மவர். அமெரிக்காவிலோ, வீட்டை மோட்டார் வண்டியின் பின்னே கட்டி ஊரூராக இழுத்துச் செல்வோர் பலர். கட்டிலும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் அமைந்த அவ்வண்டியை 'ஆர். வி.' என்று சுருக்கமாக அழைப்பர்.

அவ்வீட்டின் விளக்குகளுக்கும் நீர்ப்பம்பிக்கும் மின்சாரம் அளிப்பது 12 வோல்ற்றுப் பற்றரி. பற்றரிக்கும் வீட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு துண்டிப்புச் சுவிச்சு இருக்கும். கோடை கழிந்ததும் அதை அணைத்து, வண்டியைப் பூட்டிவிட்டு நிம்மதியாய்ச் செல்வர். வசந்தத்தில் வந்து பார்த்தால் பற்றரி உயிரற்றுக் கிடக்கும்! "நான் அணைத்தேனே" என்பார் கணவர். "அணைத்திருந்தால் மின்சாரம் எங்கே போயிற்று?" என்பார் மனைவி. இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

சுவிச்சு எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை என்பதே உண்மை. எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி சில வண்டிகளில் நேரே பற்றரியுடன் இணைந்திருக்கும். அத்தகைய கருவிகள் ஓர் அம்பியரில் பத்திலொரு பங்கையே உண்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 2.4 அம்பியர்-மணி செலவாகும். 100 அம்பியர்-மணி கொண்ட பற்றரி மூன்று வாரங்களில் பாதியாகிவிடும். சிறு துளி பெருவெள்ளமாவது போலவே, சிறு கசிவு நிறைகுடத்தையும் வெறுங்குடமாக்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சில வண்டிகளில் வெளி மின்சாரத்திலிருந்து பற்றரிக்கு மின்னேற்றும் வழியும் அச்சுவிச்சின் ஊடாகவே செல்கிறது. சுவிச்சை அணைத்துவிட்டு வெளி மின்சாரத்தைப் பொருத்தினால் விளக்குகள் பிரகாசமாய் எரியும். பற்றரியோ பட்டினி கிடக்கும். எரியும் விளக்கைக் கண்டு பற்றரியும் நிறைகிறது என்று எண்ணிவிடலாகாது. பற்றரியின் முனைகளில் வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தல் வேண்டும். ஈயவமிலப் பற்றரியாயின், மின்னேறும்போது 13 வோல்ற்றுக்கு மேல் காட்டும். நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 காட்டும்.

குளிர்நாட்டில் இக்கவனம் இன்னும் அவசியம். நிறைந்த பற்றரி கடுங்குளிரையும் தாங்கும். வற்றிய பற்றரியின் அமிலமோ நீர்த்துப்போய், உறைபனிக் காலத்தில் கட்டியாகிப் பெட்டியையே பிளந்துவிடும்.

நீண்டகாலம் நிறுத்தி வைப்போர் முதலில் பற்றரியை நிறைத்து, பின் வெளி மின்சாரத்தை நீக்கி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்தல் நன்று. ஆனால், பயணத்துக்கு முன் அதை மீண்டும் பூட்ட மறத்தலாகாது. இழுவண்டி கொளுக்கியிலிருந்து கழன்றோடினால், அதன் மின்தடைகளைத் தானாகவே அழுத்தும் அவசர ஏற்பாடு அப்பற்றரியையே நம்பியிருக்கிறது. அதுபோலவே, எரிவாயு அறிவிப்புக் கருவி உறங்கும்போது அவ்வண்டியினுள் மனிதர் உறங்குதல் தகாது.

சுவிச்சு ஒரு வாயிற்கதவு போன்றது. அதைப் பூட்டிவிட்டோம் என்று மகிழுமுன், கொல்லைப்புறக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பவரே புத்திசாலி.