நிரம்பாத குழி

நீளமான பதிவுதான், பொறுமையா வாசியுங்கோ.

"தாளையடித் தண்ணி வந்தால் எல்லாம் சரி" என்று இப்ப ஊரெல்லாம் ஒரே கதை. 2024 ஆகஸ்டில் திறந்தாச்சு. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம். நல்ல விசயம். குழாயைக் கடனுக்கு வாங்கலாம். ஆனால் முறைப்பாட்டோட வாற மனுசனிட்ட "அது எங்கட பிரிவில்லை, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லுற பழக்கத்தை எந்த வங்கி மாத்தித் தரும்?

சுன்னாகத்தை மறந்திட்டமா? கிணத்தில எண்ணெய் என்று சனம் கத்தியது. சட்டம் இருந்தது, அதிகாரசபை இருந்தது, சம்பளமும் ஒழுங்காப் போனது. கடைசியில் உயர் நீதிமன்றம்தான் 2019 ஏப்ரலில் சொல்லவேண்டி வந்தது: மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேணும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறின. அங்க குறைஞ்சது இயந்திரமா, காசா?

இன்னொரு கதை. "எங்கட மலசலகூடக் குழி இருபது வருசமா நிரம்பேல்லை" என்று பெருமை பேசுறவையை நீங்களும் கண்டிருப்பீங்கள். எங்கட நிலம் சுண்ணக்கல். நிரம்பாத குழி கீழால போகுது. போற இடம் உங்கட கிணறு, பக்கத்து வீட்டுக் கிணறு. எந்தக் குழிக்கு அடித்தளம் இருக்கு, எது ஒழுகுது என்று பவுசரோட வாற தொழிலாளிக்கு நல்லாத் தெரியும். அவரிட்ட எந்தப் பொறியியலாளர் கேட்டார்? கூட்டத்துக்குக் கூப்பிடுறதே இல்லை. வீட்டுக்காரரோ அவருக்குத் தண்ணி குடுக்கத் தனிக் கோப்பை வச்சிருக்கினம்.

ஆளணி போதாது என்பினம். சரி, போதாதுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2004 அளவில், கடும் வறட்சிக்குப் பிறகு, குடிநீர் வடிகால் வாரியத்துப் பொறியியலாளர்கள் வேறொரு வேலை செய்தார்கள். "கூடம்" என்று பெயர். பதவி பார்க்காமல் எல்லாரும் வட்டமா இருந்து, தங்கட நடத்தையைத் தாங்களே கேள்வி கேட்டார்கள். பிறகு ஊர்ச்சனத்தோடயும் அப்பிடியே இருந்தார்கள். புதுசா ஆழ்துளைக் கிணறு போடாமல் பழைய திட்டத்தைத் திருத்தினாலே போதும் என்று பல ஊர்களில் முடிவானது. செலவும் குறைஞ்சது. அதே ஆட்கள், அதே சம்பளம்.

எங்கட ஆசிரியர் அறையையும் விடமாட்டன். "படிக்காட்டி குப்பை அள்ளத்தான் போவாய்" என்று வகுப்பில சொல்லுற வாத்திமார் இன்னும் இருக்கினம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் நாளைக்குக் கந்தோர்க் கதிரையில இருந்து அந்தத் தொழிலாளியை "டேய்" என்று கூப்பிடுது.

உங்கட வட்டார உறுப்பினர் அடுத்தமுறை வீட்டுப் பக்கம் வந்தால் ஒன்று கேளுங்கோ: மாதத்தில் ஒருநாள் பொறியியலாளர், சுகாதாரப் பரிசோதகர், பவுசர்த் தொழிலாளி, நாங்கள், எல்லாரும் ஒரே வரிசைக் கதிரையில இருந்து கதைக்க ஏற்பாடு செய்வீங்களா? என்ன பதில் வந்ததென்று கீழ எழுதுங்கோ.