கட்டைவிரலுக்கு ஊசி போட்டால் போதுமா?

செராஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் நமது சீவுத் தொழிலாளர் சிலர், "கட்டைவிரல் மூட்டுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா, கிராணி ஐயா?" என்று கேட்கின்றனர். நாம் வைத்தியரல்லர். எனினும் செக்ரோல் எழுதும் நமக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு.

கத்தி பிடிக்கும் கையில் பாரத்தைத் தாங்குவது கட்டைவிரலின் அடிமூட்டு. விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்குகிறதென 1977-இல் அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டனர். நாளொன்றுக்கு 500 மரம் சீவும் கையின் கதியை நாம் சொல்லவும் வேண்டுமோ!

ஊசியில் உள்ளது கார்ட்டிசோன் இனத்து மருந்து. 1948-இல் அமெரிக்க டாக்டர் ஹென்ச் இதை மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கொடுக்க, நடக்க முடியாதிருந்தவர் சில நாளில் நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது வீக்கத்தால் வரும் வாதம். நமக்கு வருவதோ பெரும்பாலும் தேய்மானம். தேய்ந்த மூட்டை ஊசி வளர்த்துத் தராது; சில வாரமோ, சில மாதமோ வலியை அடக்கும், அதுவும் எல்லாருக்குமல்ல. கைமூட்டுத் தேய்மானத்துக்கு இதைப் பொதுவாகப் போட வேண்டாமென 2018-இல் ஐரோப்பிய வாத நோய் வைத்தியர் சங்கமே கூறிற்று. இனிப்புநீர் உள்ளவருக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். நம் லயங்களில் அவர்கள் கொஞ்சமா?

ஆயினும் நமது சண்டை ஊசியோடு அல்ல. நாமறிந்த தோட்டமொன்றில் ஓர் அம்மாள் ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வலி நின்றது. "கைதான் சரியாயிடுச்சே" என்று தண்டல் முழு நிரையைக் கொடுத்தார். அவரும் சம்பளத்துக்குப் பயந்து வாங்கிக்கொண்டார். தீபாவளிக்குள் தேநீர்க் குவளையைக்கூடப் பிடிக்க இயலவில்லை! மூட்டைக் காக்க வந்த வலி என்னும் காவற்காரனை உறங்க வைத்துவிட்டு, வீட்டைத் திறந்துபோட்ட கதை இது.

வைத்தியர் ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கட்டைவிரலைத் தாங்கும் பட்டையும் கேளுங்கள், ஓய்வுச் சீட்டும் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 14, 18, 22 நாள் எனச் சேவைக் காலத்துக்கேற்பச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. அது துரை தரும் தருமமல்ல. தொழிலால் வந்த நோயென வைத்தியர் கருதினால், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவிலும் மனுச் செய்யலாம்.

அடுத்த முறை ஊசி போட்டுக்கொண்டு வருபவர், மறுநாள் பெரட்டுக்குப் போகுமுன் வைத்தியர் கடிதத்தைத் தோட்டக் கமிட்டியிடம் காட்டட்டும். இலகு வேலை கேட்டு நிர்வாகத்திடம் பேசுவது கமிட்டியின் பொறுப்பு.