காய்ந்தால் வெந்ததாகுமா?

நம்ம ஊர் உப்புக்கண்டத்துக்கு அமெரிக்காவில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. பெயர் ஜெர்கி. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் 'சார்க்கி' என்று இருந்தது ஸ்பானியர்கள் வாயில் புகுந்து புறப்பட்டு இப்படி ஆகிவிட்டது. மெல்லிசாக நறுக்கிய கறியை சோயா சாஸ், உப்பு, மிளகில் ஊறவைத்து காயவைத்தால் ஜெர்கி.

அங்கே இலையுதிர் காலம் மான் வேட்டை சீசன். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடலாம். (இந்தியாவில் இப்போதுள்ள வனவிலங்குச் சட்டப்படி இந்தப் பேச்சே கிடையாது. மான் கறி ஆசை உள்ளவர்கள் இந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்!) ஒரு மான் விழுந்தால் ஃப்ரீசர் நிறைய கறி. மிஞ்சியதை வீட்டு உலர்த்தும் மெஷினில் அடுக்கி ஜெர்கி போட்டு, சொந்தக்காரர், நண்பர் என்று எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

சிக்கல் அந்த மெஷினில்தான் இருக்கிறது. வழக்கமாக 55, 60 டிகிரி செல்சியஸில் ஓடும். பல மணி நேரம் ஓடுகிறதே, கிருமி செத்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? வெளியே கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரமான கறியிலும் அதே கதைதான். மெஷின் 60 காட்டினாலும் கறி அந்தச் சூட்டுக்கு வருவது ஈரம் போன பிறகுதான். அதற்குள் கிருமியும் கறியோடு சேர்ந்து மெதுவாகக் காய்ந்து, சூட்டைத் தாங்கப் பழகிவிடும். பிறகு அதே 60 டிகிரி அதை ஒன்றும் செய்யாது.

அதனால்தான் அமெரிக்க விவசாயத்துறை, முதலில் கறியை 71 டிகிரிக்குச் சூடாக்கு, பறவைக் கறி என்றால் 74, அப்புறம் காயவை என்கிறது. முதலில் சூடு, பிறகு காய்ச்சல். இந்த வரிசைதான் முக்கியம். செய்வதும் பெரிய வித்தை இல்லை. கறியைப் பாதி உறையவிட்டு கால் அங்குலத்துக்கு மிகாமல் நறுக்கி, ஃப்ரிட்ஜுக்குள் ஊறவைத்து, ஊறிய சாற்றோடு அடுப்பில் ஏற்றி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து மெஷினில் வைத்தால் போதும்.

'கொதிக்கவிட்டால் அது ஜெர்கியே இல்லை, எங்க தாத்தா இப்படியா செய்தார்?' என்பார்கள். ருசியும் பதமும் கொஞ்சம் மாறும் என்பது உண்மைதான். பதம்தான் முக்கியம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வழக்கம்போல் காயவைத்துவிட்டு, கடைசியில் ஓவனில் 135 டிகிரியில் 10 நிமிடம் வைக்கலாம். தாத்தா விஷயம் வேறு. அவர் காலத்தில் யாருக்கு எதனால் வயிற்றுப்போக்கு வந்தது என்று யார் கணக்கு எழுதினார்கள்?

கணக்கு எழுதிய ஒரு சம்பவம் ஓரிகன் மாநிலத்தில் 1995 நவம்பரில் நடந்தது. வீட்டில் செய்த மான் ஜெர்கியால் ஒரு கூட்டுக் குடும்பமும் அவர்களுக்குப் பழக்கமானவர்களுமாக 11 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்று. ரத்தமாகப் போகவைக்கிற, சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடிய ரகம் அது. தேடிப் பார்த்தால் மிச்சமிருந்த ஜெர்கியில், அதே மானின் பச்சைக் கறியில், தோலில், அறுத்த ரம்பத்தில்கூட அந்தக் கிருமி இருந்தது.

காமர்ஸ் கண்ணால் பார்த்தால் இது அநியாயமான வியாபாரம். ருசி போய்விடும் என்று அந்த 5 நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர் ஒருவர். நஷ்டத்தைச் சுமப்பவர் டப்பாவை அன்போடு வாங்கிக்கொண்டவர். தனக்கு மட்டும் செய்து தின்றால் அவரவர் துணிச்சல். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நீட்டும்போது அப்படிச் சொல்ல முடியாது. துப்பாக்கி, லைசென்ஸ், வண்டி பெட்ரோல் எல்லாவற்றுக்கும் செலவழிக்கிறவருக்கு ஒரு தெர்மாமீட்டர் எந்த மூலைக்கு?

அதே 1995-ல் ஐடஹோவில் கூகர் என்ற மலைச்சிங்கத்தின் கறியில் ஜெர்கி போட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து புகையும் காட்டியாயிற்று. அப்படியும் 10 பேருக்கு ட்ரைகினெல்லா என்ற புழு நோய். ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பன்றிக்கறிக்கு அது சரி. 6 அங்குலத்துக்குள் இருக்கிற துண்டை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் சாகும். கரடி போன்ற காட்டு விலங்குகளில் இருக்கிற சில வகைப் புழுக்கள் குளிருக்கு அசைவதில்லை. அங்கேயும் சூடுதான் கதி.

சூட்டுக்கும் மசியாத ஒன்றும் இருக்கிறது. மான்களை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் ப்ரையான் நோய். இதுவரை மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனால் அந்த நோய் இருக்கிற பகுதியில் சுட்ட மான் என்றால் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். நோய் இருப்பதாக வந்தால் அந்தக் கறியைச் சாப்பிடவே வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதும்.