சரளைக் குவாரியில் பதினெட்டுக் குழிகள்

சேம்பர்ஸ் பே கோல்ஃப் மைதானத்தைக் கோடையில் முதன்முறையாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர்கள் தண்ணீர் விட மறந்துவிட்டார்களோ? டி.வி.யில் பார்த்த கோல்ஃப் எல்லாம் கண்ணைப் பறிக்கும் பச்சை. இங்கே வைக்கோல் நிறம்தான் அதிகம். மணல் மேடுகள், மேட்டு உச்சியில் முழங்கால் உயரத்துக்குக் காற்றில் ஆடும் காட்டுப்புல், கீழே ரயில் தண்டவாளம், அதற்கப்பால் ப்யூஜெட் சவுண்ட் உட்கடல். மரம் என்று தேடினால் பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

2007 ஜூன் மாதம் திறந்தார்கள். அந்தக் கோடையிலேயே போய் ஆடிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் பலமுறை போயிருக்கிறேன். சியாட்டிலிலிருந்து தெற்கே, டகோமாவை ஒட்டி, யுனிவர்சிட்டி பிளேஸ் என்ற ஊர். பெயரை நம்பிப் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போகாதீர்கள். 1890களில் ஒன்று கட்டத் திட்டமிட்டார்கள், கட்டவில்லை. இன்று அந்த ஊரை வெளியுலகுக்குத் தெரிய வைத்திருப்பது இந்த மைதானம்தான். பியர்ஸ் மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. உறுப்பினர் சந்தா கிடையாது, சிபாரிசு கிடையாது. நேரத்தை முன்பதிவு செய்து பணம் கட்டினால் யாரும் ஆடலாம்.

ஊரில் இதைச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். கோல்ஃப் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது மதில். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்பின் மைதானம், நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம். இரண்டையும் எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன். உள்ளே ஒரு பந்து உருண்டதைக்கூடப் பார்த்ததில்லை. அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட கிளப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் நியூயார்க்கின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் 1895-லேயே பொதுமக்களுக்கென்று ஒரு மைதானம் திறந்துவிட்டார்கள். நான் மட்டையைப் பிடிக்கக் கற்றதும் அப்படியொரு இடத்தில்தான்: சியாட்டில் நகராட்சியின் ஜெஃபர்சன் பார்க். 1915-லிருந்து இருக்கிறது. 1992-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஃப்ரெட் கப்புள்ஸ் சிறுவனாக ஆடி வளர்ந்த இடம். புல் எல்லா இடத்திலும் சீராக இருக்காது, பங்கர் என்ற மணல் பள்ளத்தில் யாரோ நடந்த தடம் அப்படியே கிடக்கும், ஒருவரும் அதற்காக முகம் சுளிக்க மாட்டார்கள்.

சேம்பர்ஸ் பே அந்த ரகம் இல்லை. இதன் பின்னால் பெரிய ஆசை ஒன்று இருந்தது.

இந்த இடம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மணலும் சரளையும் தோண்டிய குவாரி. சுற்றுவட்டாரத்துக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் இங்கிருந்து படகு படகாகப் போயிருக்கிறது. 1992-ல் மாவட்ட நிர்வாகம் இந்த நிலத்தை வாங்கியது. பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையை விரிவாக்க இடம் வேண்டும் என்பது முக்கியமான காரணம். மிச்ச நிலத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது, மாவட்டத் தலைவராக இருந்த ஜான் லேடன்பர்க் கோல்ஃப் மைதானம் என்றார். அதுவும் யு.எஸ். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை நடத்தத் தகுந்த மைதானம். குப்பையும் குழியுமாகக் கிடந்த பள்ளத்தைக் காட்டி இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியரின் நிறுவனம் வடிவமைத்தது. கட்டி முடிக்க 2 கோடி டாலருக்கு மேல் ஆனது. மாவட்டம் கடன் வாங்கித்தான் கட்டியது.

கிளப் ஹவுஸ் மேட்டின் உச்சியில், மைதானம் கீழே பள்ளத்தில். ஒரு வேனில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். அதோடு வாகனத்தின் வேலை முடிந்தது. மருத்துவக் காரணம் இருந்தால் தவிர, இங்கே கோல்ஃப் வண்டி கிடையாது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது பை சுமக்க ஒரு கேடி வைத்துக்கொள்ள வேண்டும். குவாரியின் அடித்தளத்துக்கும் விளிம்புக்குமாக ஏறி இறங்கி முடிக்கும்போது கெண்டைக்கால் பேசும். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. வண்டியில் போகிறவர் பந்தை மட்டும் பார்க்கிறார். நடக்கிறவருக்குத்தான் மண்ணின் சாய்வு தெரிகிறது, இந்த மைதானத்தில் ஆட்டமே அந்தச் சாய்வுதான்.

அந்த முதல் கோடையில் என்னோடு வந்தவர் ஆபீஸ் நண்பர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். ஆட்டம் தொடங்கும் முதல் டீ மேடையில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, நம்ம தேரிக்காடு மாதிரில்லா இருக்கு? செம்மண்ணு மட்டுந்தான் இல்ல” என்றார். பொது மைதானங்களில் தனியாக வருகிறவர்களைச் சேர்த்து நால்வர் குழுவாக்கி அனுப்புவது வழக்கம். எங்களோடு தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டகோமாக்காரரும் அவருடைய மருமகனும் சேர்ந்தார்கள். தபால்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: இந்த மைதானமே கட்டியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். என் வரிப்பணம் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார். பியர்ஸ் மாவட்டவாசிகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. எங்களைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தார், எங்களைவிட அதிகமாக முணுமுணுத்தார்.

முதலில் குழப்பியது புல். அப்போது ஃபேர்வே என்ற நீளப் புல்தரையிலிருந்து குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் வரை எல்லாம் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய இழைப் புல். ஸ்காட்லாந்துக் கடற்கரை மைதானங்களின் புல் அது. மணல் தரையில் நன்றாக வரும், தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காது, கோடையில் பழுப்பாகிப் படுத்துக்கொள்ளும், மழை வந்ததும் எழுந்துகொள்ளும். வாஷிங்டன் மாநிலம் என்றதும் வருடம் முழுக்க மழை என்று நினைப்பவர்கள் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இங்கே ஒரு தூறலுக்கு ஏங்குவோம். அந்த நாட்களில் தரை இறுகிக் கிடக்கும். பந்தை உயரத் தூக்கிக் கொடிக்குப் பக்கத்தில் இறக்குவது என்ற வழக்கமான சாமர்த்தியம் எடுபடாது. விழுந்த பந்து நிற்காது. எங்கே விழ வேண்டும், விழுந்தபின் எந்தப் பக்கம் உருண்டு எந்தச் சரிவில் திரும்பும் என்று யோசித்து, குழியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்து அடிக்க வேண்டும். ஃபேர்வே எங்கே முடிகிறது, கிரீன் எங்கே தொடங்குகிறது என்றுகூட அன்று சில இடங்களில் தெரியவில்லை. கிரீனுக்கு வெகு தூரம் முன்னாலேயே, பந்தை உருட்டுகிற மட்டையான பட்டரை எடுத்து உருட்டிவிட்டார் மருமகன். நாங்கள் சிரித்தோம். பந்து வளைந்து வளைந்து போய்க் கொடிக்கு அருகே நின்றது. அதன் பிறகு நாங்களும் அப்படியே.

எல்லாக் குழிகளையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. சிலதுதான் மனதில் நிற்கிறது. ஒன்பதாவதில் மேட்டின் மேல் நின்று ஏறத்தாழ நூறு அடி கீழே இருக்கிற கிரீனை நோக்கி அடிக்க வேண்டும். பந்து இறங்குகிற நேரத்தில் கவலைப்பட நிறைய அவகாசம் கிடைக்கும். பத்தாவது இரண்டு மணல் மலைகளுக்கு நடுவே ஒரு சந்தில் போகிறது, கடல் காற்று அங்கே மட்டும் சட்டென்று நின்றுவிடும். பன்னிரண்டாவது சின்னக் குழி, ஆனால் அதன் கிரீனில் இருக்கும் மேடுபள்ளத்தை வடிவமைத்தவர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். பதினைந்தாவதின் பின்னால்தான் அந்த ஒற்றை ஃபர் மரம். அடுத்த வருடம், 2008-ல், யாரோ இரவில் வந்து கோடரியால் வெட்டிப் பார்த்தார்கள். மரத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், இன்னும் நிற்கிறது.

பதினாறும் பதினேழும் தண்டவாளத்தை ஒட்டி ஓடுகின்றன. சரக்கு ரயில் போகும்போது டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நாம் மட்டையைத் தூக்கிய நேரம் பார்த்து அடிக்கிறாரோ என்று தோன்றும். அப்போது ஆம்ட்ராக் பயணிகள் ரயிலும் இதே கடற்கரைப் பாதையில்தான் போனது. 2021 இறுதியில் அதை ஊருக்குள் வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள். நேரம் மிச்சமாம். அந்த ஜன்னலோரம் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். பதினெட்டாவதின் ஓரத்தில் சரளையைத் தரம் பிரித்த பழைய கான்கிரீட் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. இடிக்காமல் விட்டது நல்ல காரியம். அழகுபடுத்துகிறேன் என்று அவற்றுக்கு வர்ணம் அடிக்காதது அதைவிட நல்ல காரியம்.

ஆனால் அன்றைக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது விளையாட்டு இல்லை. மைதானத்தின் ஊடாகவே ஒரு பொது நடைபாதை போகிறது. கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. நாயோடு ஒருவர், சைக்கிளில் இரண்டு பையன்கள், ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கிழவர். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், நண்பர் அடிக்கிறவரை நின்று காத்திருந்து, பந்து பங்கருக்குள் விழுந்ததும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நகர்ந்து போனார். எல்லாருக்கும் எங்களுக்குத் தெரிந்த அதே கடல், அதே ஃபாக்ஸ் தீவு, அதன் பின்னால் ஒலிம்பிக் மலைத்தொடர். நாங்கள் கை நிறையக் காசு கொடுத்து வந்திருந்தோம்.

பொது மைதானம் என்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் கோல்ஃப் ஆடுகிறவனுக்கு இது பாதிதான் பொது. ஜெஃபர்சன் பார்க்கில் ஆடுகிற பலருக்கு இங்கே கோடைக்காலக் கட்டணம் கட்டுப்படியாகாது, உள்ளூர்ச் சலுகையும் மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். தபால்காரர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பதில் அந்த நடைபாதை. நூறு வருடம் வேலிக்குப் பின்னால் லாரிகளுக்கும் படகுகளுக்கும் மட்டும் தெரிந்திருந்த கரையை, மட்டையைத் தொடாதவர்களுக்கு இந்த மைதானம் திறந்துவிட்டது. பிற்பாடு தண்டவாளத்தின் மேல் ஒரு நடைபாலமும் போட்டதால் கடற்கரைக்கே இறங்க முடிகிறது. இது அமெரிக்காவின் கண்டுபிடிப்பும் இல்லை. கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் கோர்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஊர் மக்கள் நாயும் குழந்தைகளுமாக அதன் மேல் நடப்பார்கள். காரணம், அது ஊர்ப் பொதுநிலம். மதில் வைத்த கிளப்பு பிறகு வந்த வழக்கம்.

பின்கதையையும் சொல்ல வேண்டும். லேடன்பர்க்கின் ஆசை பலித்தது, அதுவும் நம்ப முடியாத வேகத்தில். திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2008 பிப்ரவரியில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 2010-க்கான அமெச்சூர் போட்டியையும் 2015 யு.எஸ். ஓப்பனையும் இங்கே தந்தது. அதே வருடம் பொருளாதாரம் சரிந்து, ஆட வருகிறவர்கள் குறைந்து, கடனுக்கு வட்டி கட்ட மாவட்டம் திணறியதும் நடந்தது. தபால்காரர் அந்த நாட்களில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

2015-ல் உலகமே பார்த்தது. கடைசிக் கிரீனில் டஸ்டின் ஜான்சன் சுமார் 12 அடியிலிருந்து மூன்று தட்டுத் தட்டி, வெற்றியையும் விட்டு, மறுநாள் சமனை முறிக்க ஆடியிருக்கக்கூடிய ஆட்டத்தையும் விட்டார்; 21 வயது ஜோர்டன் ஸ்பீத் ஐந்து அண்டர் பாரில், அதாவது விதித்த கணக்கைவிட ஐந்து தட்டுக் குறைவாக முடித்து, கோப்பையை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க வீரர்கள் பேசியது கிரீனைப் பற்றி. ஃபெஸ்க்யூவுக்குள் வேறு புல் கலந்து திட்டுத்திட்டாக முளைத்துப் பந்து துள்ளியது. ப்ரோக்கோலி மேல் பட்டிங் செய்வது போல் இருக்கிறது என்றார் ஹென்ரிக் ஸ்டென்சன். பார்க்க வந்தவர்களுக்கும் மனக்குறை. மேடுகள் சறுக்கும் என்று எட்டாவது குழிப் பக்கம் ரசிகர்களையே விடவில்லை, பல இடங்களில் தூரத்தில் நின்று தலைகளைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை நாயோடு நடக்கிறவருக்கு இதைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் நிர்வாகம் தோற்றதை ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் மைதானத்தை மூடி, கிரீன்களை உரித்து, போவா அனுவா என்ற புல்லைப் பதித்து 2019 ஏப்ரலில் திறந்தார்கள். இந்த வட்டாரத்தில் அழைக்காமலே வந்து பரவுகிற புல்லை இவர்களே வரவழைத்து நட்டார்கள். இப்போது கிரீன்கள் வழவழவென்று இருக்கின்றன, பந்து சொன்ன பேச்சைக் கேட்கிறது. புகார் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைக்கோல் நிற மைதானத்தில் பச்சை வட்டங்கள் தனியாகத் தெரிகின்றன. எங்கே ஃபேர்வே முடிகிறது என்று தெரியாமல் வெகு தூரத்திலிருந்து உருட்டிய அந்த முதல் கோடைதான் எனக்கு உசத்தி. இதைச் சொன்னால் நண்பர் ஏற்றுக்கொள்வதில்லை. “அண்ணாச்சி, பந்து நேரா போகுதேன்னு சந்தோசப்படுங்க” என்கிறார்.

ஆடப் போகிறவர்கள் கோடைக் காலையை விட்டுவிட்டு அக்டோபர் மாதச் சாயங்காலத்தைப் பிடியுங்கள், கட்டணம் இறங்கியிருக்கும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாதவர்கள் மேலே கிராண்ட்வியூ சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நடைபாதையில் இறங்கலாம். முழுச் சுற்று சுமார் மூன்று மைல். கடல் பக்கம் இறங்குவது சுலபம். திரும்பி ஏறுகிற இடத்தில் ஒரு நீளமான செங்குத்து இருக்கிறது, தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதீர்கள்.