அடுத்த வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால்...



இம்முறை எடுத்துக்கொண்ட சேதியைக் கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அடுத்த வீட்டு மலத்தொட்டி நிரம்பி, அந்தத் தண்ணீர் நம் கொல்லைக்குள் புகுந்தால் என்ன செய்வது என்பதே சேதி. 'இதையெல்லாமா எழுதுவார்கள்?' என்று முகம் சுளிக்க வேண்டாம். பேசக் கூசுவதால்தான், இரண்டு நாளில் தீர வேண்டிய தொல்லை இரண்டு தலைமுறைப் பகையாக வளர்ந்துவிடுகிறது.

லயத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே கக்கூசு கெட்டுப்போனால் தண்டலிடமோ கிராணியாரிடமோ சொல்வோம். நிர்வாகம் ஆள் அனுப்பும். அது யார் வீட்டு அசுத்தம் என்ற கேள்வி எழாது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்த பிறகு கதை வேறு. வீடு நமது, வீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியும் நமது. ஆனால் அப்படி ஒரு தொட்டி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. முன்பு இருந்தவர் அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டும்போது, தொட்டியின் மூடிமேல் சிமெண்டு பூசி மொசைக்கும் போட்டுவிட்டுப் போயிருப்பார். வாங்கி வந்தவர் என்னத்தைக் கண்டார்?

ஆகவே முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். தொட்டி வழிகிறது என்றால் அடுத்த வீட்டார் அசுத்தமானவர்கள் என்று பொருள் அல்ல. தொட்டி நிறைந்துவிட்டது என்றுதான் பொருள்.

தொட்டி எப்படி வேலை செய்கிறது? கழிவு உள்ளே போனதும் கனமானது அடியில் படிகிறது. எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அடியில் படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் குழாய் வழியே வெளியேறுகிறது. ஆனால் கிருமிகள் எல்லாவற்றையும் கரைத்துவிடுவதில்லை. மிச்சம் சேறாகச் சேருகிறது. சேறு ஏற ஏற, தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும் என்கிறார்கள். துணி, பிள்ளைகளின் பேம்பர்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கக்கூசில் கொட்டினால் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குளோராக்ஸையும் ஆசிட்டையும் அளவில்லாமல் ஊற்றினால், வேலை செய்கிற கிருமிகள் செத்துப்போகும். கூரை மழைநீரைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டாலும் வழியும்.

கொல்லையில் தண்ணீரைக் கண்டதும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். மழை இல்லாத நாளிலும் அது ஊறுகிறதா? காலையில் அடுத்த வீட்டார் குளித்துக் கிளம்பும் நேரத்தில் கூடுகிறதா? சாம்பல் நிறமும் நாற்றமும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது மழைநீர் அல்ல.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்சந்தில் வட்டமான இரும்பு மூடி இருந்து, அதன் வழியாகத் தண்ணீர் பொங்கினால், அடைப்பு பொதுக் குழாயில் இருக்கக்கூடும். பொதுக் குழாயைப் பராமரிப்பது அடுத்த வீட்டார் வேலை அல்ல. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் அந்த வேலையைக் கவனித்து வருகிறது. அங்கே புகார் சொல்ல வேண்டியதற்கு, வேலிக்கு மேலே எட்டி அடுத்த வீட்டம்மாவைத் திட்டுவதில் என்ன நியாயம்?

இனி, பிள்ளைகள் பக்கம் வருவோம். பெரியவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீரில் கால் வைத்து விளையாடுவது பிள்ளைகள்தான். மலம் கலந்த நீரில் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்று ஆகியவற்றின் கிருமிகள் இருக்கலாம். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய், குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். வகுப்பில் முகம் வெளிறி, மேசைமேல் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளையை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். அது சோம்பல் அல்ல. பல நேரங்களில் சோகை. படிப்பு ஏறவில்லையே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். காரணம் கொல்லை மண்ணில் கிடக்கிறது.

ஆகவே அன்றைக்கே செய்ய வேண்டியவை இவை:

பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். யாரும் செருப்போ பூட்ஸோ இல்லாமல் அங்கே போகக் கூடாது. திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கைகால் கழுவ வேண்டும்.

தண்ணீர் ஏறிய பாத்தியில் உள்ள கங்கோங், பாயம், புதினா எதுவானாலும் பறித்துச் சமைக்காதீர்கள். பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஆசையாய் வளர்த்தது, மனசு கேட்காதுதான். ஆனால் உருளைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். வாழை, தென்னை, முருங்கை போல உயரத்தில் காய்ப்பவற்றுக்குப் பயமில்லை. தரையில் விழுந்ததை மட்டும் எடுக்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடானால், தொல்லை தீரும்வரை அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள்.

தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ, உள்ளே இறங்குவதோ, பக்கத்தில் சிகரெட் பற்றவைப்பதோ வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு ஒரு நொடியில் ஆளை மயக்கித் தள்ளிவிடும், தீயும் பிடிக்கும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மடிந்த துயரங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.

அடுத்து, பேச்சு. வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டால், கேட்பவருக்குத் தொட்டி மறந்துபோகும். அவமானம் மட்டும் மனத்தில் நிற்கும். மாலையில் அவர்கள் வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணீர் குடிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். "அக்கா, உங்க தொட்டி நெறஞ்சு போச்சு போலிருக்கு. எங்க பாத்தி வரைக்கும் தண்ணி வருது. அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து ஒரு தடவை பாருங்களேன்" என்று சொல்லுங்கள். கண்ணால் பார்த்தவர் மறுக்க மாட்டார். அண்டை வீட்டார் மலாய்க்காரராக இருந்தால், "காக், தாங்கி நஜிஸ் சூடா பெனு" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

சில வீடுகளில் காசுதான் தடையாக இருக்கும். லாரிக்குக் கொடுக்கப் பணமில்லாத வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதைக் கண்டுகொண்டு, "நம்ம வரிசையிலே எல்லாரும் ஒரே நாளில் லாரி கூப்பிடலாமா?" என்று கேளுங்கள். நம் தொட்டிக்கும் அந்த வேலை வேண்டியதுதானே? அவர்கள் வாடகைக்கு இருப்பவர்களானால், வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கோபத்தில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் குழாய் வாயைச் சிமெண்டு வைத்து அடைப்பது, தண்ணீர் அவர்கள் வீட்டுக்கே திரும்பும்படி மண்ணைக் கொட்டி மேடாக்குவது போன்ற வேலைகள். கழிவு அவர்கள் கக்கூசு வழியாகப் பொங்கினால், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. பிறகு குற்றவாளி நீங்கள்.

நல்ல வார்த்தைக்கும் அசையாதவர் உண்டு. அங்கே பேச்சை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுங்கள். எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எந்தத் தேதியில் சொன்னீர்கள், என்ன பதில் கிடைத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு வட்டார நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சுகாதாரக் கேடான இடத்தைச் சரிசெய்யும்படி நோட்டீஸ் அனுப்ப, 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. தீபகற்பத்தில், தொட்டியைச் சரியாக வைத்திருக்கும் கடமையை 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் வகுத்திருக்கிறது. அதைக் கவனிக்க ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் இருக்கிறது. புகாரின் நகலில் அலுவலக முத்திரை வாங்க மறக்காதீர்கள். முத்திரை இல்லாத தாள் வெறும் தாள்தான்.

'அவர் வேண்டுமென்றா செய்தார், சட்டம் என்ன செய்யும்?' என்று சிலர் கேட்கலாம். ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1860இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், ஜான் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்க வழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: தப்பினால் பிறருக்குக் கேடு தரும் பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பிப் போய்ச் செய்த கேட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும், தெரியாது என்பது சாக்கல்ல. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இந்த நியதி எடுத்தாளப்பட்டிருக்கிறது. பாழான பாத்திக்கும் கெட்டுப்போன சாமான்களுக்கும் சிறு தொகை கேட்க வேண்டியிருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கக்கூடிய சிறு கோரிக்கை வழக்கு முறையும் உண்டு. ஆனால் அது கடைசிப் படி. முதல் படியிலேயே அங்கே ஏறி நிற்காதீர்கள்.

இன்னும் தோட்டத்து வீடுகளிலேயே இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தொட்டி வழிந்தால் பக்கத்துக் கதவைத் தட்டிச் சண்டை போடாதீர்கள். அந்த வீட்டாரும் உங்களைப் போலக் குடியிருப்பவர்கள்தான். தொழிலாளர் வீடுகளும் அவற்றின் வசதிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்க 1990ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. பொறுப்பு முதலாளியுடையது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். தொழிற்சங்கக் கமிட்டிக்கு ஒரு நகல் போகட்டும். பலனில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

தொல்லை தீர்ந்த பிறகும் அவசரப்பட்டு விதை போடாதீர்கள். மண் நன்றாகக் காயட்டும். மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவிவிடுங்கள். பாத்தியைச் சில மாதம் சும்மா போட்டு வையுங்கள். அதன்பின் முதலில் பூச்செடி வையுங்கள், கீரை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வீட்டார் நாளைக்கு உங்கள் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாற வர வேண்டியவர்கள். ராத்திரி நெஞ்சுவலி என்றால் முதலில் கதவைத் தட்டப்போவதும் அவர்கள் வீட்டில்தான். அந்த உறவை ஒரு தொட்டிச் சேற்றுக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்; அந்த உறவுக்காகப் பிள்ளைகளைச் சேற்றில் விட்டுவைக்கவும் வேண்டாம். முகம் கோணாமல் சொல்லுங்கள், சொன்னதை எழுதி வையுங்கள். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது லாரி வந்தது என்று வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து ஒரு தடவை பேசிவிடுங்கள்.