பழைய ரிப்போட்டைத் தொலைக்க வேண்டாம்

 

தைரொயிட் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊர்களில் இரண்டு கதைதான் கேட்கிறது. ஒன்று, "கழுத்தில் கட்டியாம், பயமாக இருக்கு." மற்றது, "நோர்மலாம், இனிப் போகத் தேவையில்லை." பெற்றோர் கூட்டங்களில் தாய்மாரோடு பேசுகிற ஆசிரியர்களாகிய எங்களுக்கு இரண்டாவது கதைதான் கூடக் கவலை தருகிறது.

முதல் பயத்துக்குப் பதில் இருக்கிறது. தைரொயிட் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் இல்லாதவை. அதேநேரம், 2019 தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டின்படி இலங்கைப் பெண்களிடம் மார்புப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்பட்டது தைரொயிட் புற்றுநோய். அதனால்தான் வைத்தியர் சில கட்டிகளில் ஊசியால் செல் எடுத்துப் பார்க்கிறார். வேறு சிலருக்கு, "ஒரு வருசம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாங்க" என்கிறார். அது எங்களைத் தட்டிக்கழிக்கும் பேச்சு அல்ல. காலம் வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை, சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். கட்டி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். இரத்தம் நோர்மலாக இருந்தாலும் கட்டி வளரலாம். 1995இலிருந்து நாங்கள் சாப்பிடுவது அயடீன் கலந்த உப்புத்தான். அது அயடீன் குறைபாட்டைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே வந்த கட்டியை உப்பு கண்காணிக்காது.

கட்டி வளர்ந்ததா என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? குறைந்தது இரண்டு பக்க அளவுகளில் 20 சதவீதமும், அதோடு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கூடியிருக்க வேண்டும். பிள்ளைகளின் அடிமட்டத்தில் 2 மில்லிமீற்றரைப் பாருங்கள். தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது. பழைய ரிப்போட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பழையது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்கேனும் முதல் ஸ்கேன்தான்.

வன்னியில் எங்களுக்கு இது லேசான காரியம் அல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. ஆள் முல்லைத்தீவில், கிளினிக் கொப்பி புத்தளத்தில். 2009 வரை இடம்பெயர்ந்து ஓடிய அயல் வீட்டுத் தமிழ்ச் சகோதரிகளும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளைப் பங்கரோடு விட்டுவிட்டு வந்தவர்கள்தான். ஸ்கேனுக்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்த நாளுக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால் கையில் பழைய ரிப்போட் இருக்க வேண்டும்.

தைரொக்சின் குளிசை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி.எஸ்.எச். சரியாக இருப்பது அந்தக் குளிசையால்தான். "சரியாகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்தினால் சில கிழமைகளில் அளவு மாறத் தொடங்கும். குளிசையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமைக்குள் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு, கல்சியம் குளிசைகளை இதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பம் தெரிந்த உடனேயே வைத்தியரிடம் போங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

நோன்பு மாதத்தில்தான் இந்தக் குளிசை அதிகம் தவறுகிறது. நோன்புக்காக அதை விட வேண்டியதில்லை. ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி எழும்பி எடுக்கலாம். அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது எடுக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று நோன்புக்கு ஒரு மாதம் முந்தியே கிளினிக்கில் கேளுங்கள். பள்ளி நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு இதை ஒரு தடவை அறிவித்தால் பெரிய உதவி.

நாங்கள் கேட்பது பெரிய காசுச் செலவு இல்லை. வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பைல். அதில் ஸ்கேன், இரத்தம், ஊசிப் பரிசோதனை ரிப்போட்டுகள் எல்லாம் திகதி வரிசையில். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, ஊரில் ஒருவருக்கும் புத்தளத்தில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த திகதியைச் சுவர்க் கலண்டரில் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். உம்மா மறந்தாலும் பிள்ளை மறக்காது. நானாமார், வாப்பாமார், அந்த நாளில் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். எங்கள் பெண்கள் கிளினிக்கை விடுவதற்கு வீட்டில் மாற்றாள் இல்லாததும் ஒரு காரணம்.

குரல் கம்மினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கட்டி திடீரென்று பெருத்தாலோ கலண்டர் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் கடைசி ரிப்போட் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.